நான் போகாத என் கல்யாணம்

சென்னை விமான நிலையத்தின் கார் நிறுத்துமிடத்தில்தான் என் மாமியாரை முதன்முதலாக நேரில் பார்த்தேன். மாமனார் பெட்டிகளை டிக்கியில் அடுக்கிக்கொண்டிருந்தார். மாமியார் என்னைப் பின்சீட்டில் உட்காரவைத்து, தானும் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு, கைப்பையிலிருந்து ஒரு தாலியை எடுத்தார்.

"கொஞ்சம் குனிம்மா. வூட்டுக்குப் போறதுக்குள்ள கழுத்துல இருக்கட்டும்."

அம்மா ஒரு தாலி கொடுப்பாங்க, ஒண்ணும் கேக்காம போட்டுக்கோ என்று கிளம்பும்போதே என் கணவர் சொல்லி அனுப்பியிருந்தார். அதனால் குனிந்தேன். ஆனால் கயிறு கழுத்தில் விழுந்ததுமே தெரிந்துவிட்டது. அது புதுக்கயிறு இல்லை. மஞ்சள் வெளுத்து, முடிச்சுகள் இறுகி, தோலில் உரசி உரசி மெத்தென்று ஆகியிருந்தது. பவுடரும் வியர்வையும் கலந்த வாசனை அதில் இருந்தது. யாரோ ஒருத்தி அதைப் போட்டுக்கொண்டு பல மாதம் குளித்திருக்கிறாள், தூங்கியிருக்கிறாள்.

"இது யாரோடது அத்தை?"

"உன்னோடதுதான். புதுக்கயிறு போட்டா ஊர்ல கேப்பாங்க. உனக்குக் கல்யாணம் ஆயி ஒரு வருசத்துக்கு மேல ஆவுதில்ல?"

ஆகியிருந்தது உண்மைதான். இங்கிலாந்தின் வடக்கே ஒரு ஊரில் நாங்கள் இருவரும் மாணவர் விசாவில் படித்துக்கொண்டிருந்தோம். எனக்குச் சொந்த ஊர் விருதுநகர்ப் பக்கம். அவருக்கு ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவே, சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமம். தண்டலத்தில் ஒரு கல்லூரியில் படித்துவிட்டு, கார் பாகம் செய்யும் கம்பெனியில் கொஞ்ச காலம் வேலை பார்த்துவிட்டு மேல்படிப்புக்கு வந்தவர். சாதி வேறு என்பதால் என் வீட்டில் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அவர் வீட்டில் ஒன்றும் சொல்லாமல் போனை வைத்தார்கள். பதிவு அலுவலகத்தில் அறிவிப்புக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தோம். படிக்க வந்தவர்கள் இங்கேயே தங்குவதற்காகப் பொய்க்கல்யாணம் செய்துகொள்கிறார்களோ என்று அங்கே ஒரு சந்தேகம் உண்டு. எங்களைத் தனித்தனி அறையில் உட்காரவைத்து, அவரைப் பற்றி என்னிடமும் என்னைப் பற்றி அவரிடமும் கேட்டார்கள். பிறகு ஒரு மழை நாளில், கூடப் படித்த இருவர் சாட்சிக் கையெழுத்துப் போட, கல்யாணம் முடிந்தது. தாலி கிடையாது. அவர் நேர்முகத் தேர்வுக்கு வாங்கிய கோட்டுப் போட்டிருந்தார். அன்று சாயங்காலமே கிடங்கு வேலைக்கும் போய்விட்டார்.

அதன் பிறகு அவர் அம்மா மெல்ல மெல்ல என்னோடு பேச ஆரம்பித்தார். வாரம் ஒருமுறை போன் செய்வார். மகன் என்ன சாப்பிடுகிறான், எப்போது தூங்குகிறான் என்று கேட்பார். நானும் ஒன்றுவிடாமல் சொல்வேன். ஒருநாள், "ஊர்ல எல்லாரும் கேக்குறாங்க. ஒரு தபா வந்து மூஞ்சியக் காமிச்சுட்டுப் போம்மா" என்றார். என் கணவருடைய படிப்பு விசா முடிந்து வேலை விசாவுக்கு எழுதிப்போட்டிருந்த சமயம். பதில் வருமுன் நாட்டை விட்டு வெளியேறினால் விண்ணப்பம் செல்லாமல் போய்விடும். எனக்கு முன்னமே வந்துவிட்டது. அதனால்தான் நான் மட்டும் வந்தேன்.

கார் ஒரகடம் சாலையில் போய்க்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் கம்பெனிச் சுவர்கள். ஒரு சுவர் முடிந்தால் கொஞ்சம் முள்காடு, பிறகு அடுத்த சுவர். வீட்டுக்குள் நுழைந்ததும் கூடத்தில் முதலில் கண்ணில் பட்டது என் கல்யாணப் போட்டோ.

பெரிய சட்டம் போட்டு, மேலே பிளாஸ்டிக் மாலை சுற்றியிருந்தார்கள். அரக்குப் பட்டுப்புடவையில், நெற்றிச்சுட்டியும் ரோஜா மாலையுமாக நான் நிற்கிறேன். பக்கத்தில் பட்டு வேட்டியில் அவர். என் முகம் பாஸ்போர்ட்டுக்காக எடுத்த படத்திலிருந்து எடுத்தது. அத்தை ஒருமுறை, நேராகப் பார்க்கிற மாதிரி ஒரு போட்டோ அனுப்பு என்று கேட்டது நினைவுக்கு வந்தது. சிரிக்கக் கூடாது, இரண்டு காதும் தெரிய வேண்டும் என்று சொல்லி எடுத்த அந்த முகத்துக்குக் கம்ப்யூட்டரில் பொட்டு வைத்திருந்தார்கள். அவருடைய முகமும் அப்படித்தான். படத்தில் இரண்டு பேரும் விசா அதிகாரியைப் பார்ப்பதுபோல் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கழுத்துக்குக் கீழே இருந்தது நான் இல்லை. மருதாணி போட்ட கைகள் மாலையைப் பிடித்திருந்தன. இடது மணிக்கட்டில், வளையல்களுக்குக் கீழே, பிறை மாதிரி ஒரு சூட்டுத் தழும்பு. கழுத்தில் தாலி. நான் என்னையறியாமல் என் கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன். அதேதான்.

"நல்லா கீதா?" என்றார் அத்தை.

நன்றாக இருக்கிறது என்றேன்.

குளித்துவிட்டு வந்ததும் அந்த அரக்குப் புடவையையே எடுத்துக் கொடுத்தார். கூடவே ரவிக்கையும். யார் அளவுக்குத் தைத்ததோ, எனக்குக் கையிலும் தோளிலும் கச்சிதமாகப் பொருந்தியது. அது தொளதொளவென்று இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

எதிர்வீட்டு அம்மா வந்தார். என் கன்னத்தைத் தடவிவிட்டு, "போன தபா பாத்ததுக்கு இளைச்சுட்டியே கண்ணு. குளுரு ஒத்துக்கலியா?" என்றார்.

"நான் இப்பத்தான் முதல் தடவை..."

அத்தை சமையலறையிலிருந்து குரல் கொடுத்தார். "கோயில்ல பாத்தத சொல்றாங்கம்மா. அன்னைக்கு மழையில உனக்கு யாரையும் ஞாபகம் இருக்காது."

"ஆமா, இன்னா மழ அன்னைக்கு," என்றார் எதிர்வீட்டு அம்மா. "தாலி கட்டி முடிக்கிற வரைக்கும் விடலியே. நான்தான் உனக்கு ஆரத்தி எடுத்தேன். மறந்துட்டியா?"

அவர் முகத்தில் கிண்டலோ சந்தேகமோ இல்லை. நடந்ததைச் சொல்கிறவர்களின் முகம்தான் அது.

அன்று முதல் இப்படித்தான். யார் வந்தாலும் அந்தக் கல்யாணத்தைப் பற்றிப் பேசினார்கள். மகன் பத்து நாள் லீவில் வந்ததும், மலைமேல் ஒரு கோயிலில் சுருக்கமாக முடித்துக்கொண்டு இரண்டு பேரும் பிளேன் ஏறியதுமாக ஒரு கதை. சாம்பாரில் உப்பு அதிகம் என்று ஒருவர் குறைபட்டார். நான் அம்மா வீட்டை நினைத்து அழுதேன் என்று இன்னொருவர் சொன்னார். மாமனார் மட்டும் அப்போதெல்லாம் எழுந்து வெளியே போய்விடுவார். மறுத்துப் பேசினால் அத்தையின் முகம் என்ன ஆகும் என்று நினைத்து நான் சும்மா இருந்தேன். பிறகு தலையாட்டினேன். பிறகு ஒன்றிரண்டு பதிலும் சொல்ல ஆரம்பித்தேன். ஒரு மத்தியானம் துணி காயப்போடும்போது, அந்தக் கோயில் படிக்கட்டில் மழைத்தண்ணீர் வழிந்ததும், புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான் இறங்கியதும் மனதில் வந்தது. எங்கே பார்த்தோம் என்று யோசித்தேன். எங்கேயும் பார்க்கவில்லை. கையில் இருந்த துணியை அப்படியே வாளியில் போட்டுவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

கணவரைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"அம்மா ஏதோ ஸ்டூடியோல ஒட்டவெச்சிருக்காங்க. போட்டோ கேட்டாங்க, அனுப்புனேன். ஊர் வாய மூடணும்ல, விடு," என்றார்.

"அந்த உடம்பு யாரு?"

"கம்ப்யூட்டர்ல ஏதாவது வெச்சிருப்பாங்க."

"தழும்பு இருக்கு."

"சரியா தெரியல," என்று மட்டும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் வந்தாள். அத்தையின் அண்ணன் மகள். வீடு காஞ்சிபுரத்துக்கு அந்தப் பக்கம். ஒரகடத்தில் போன் பாகம் செய்யும் கம்பெனியில் லைனில் வேலை. என் கணவருக்கு முறைப்பெண் என்பதும், சின்ன வயதிலிருந்து அவளுக்குத்தான் அவர் என்று பேச்சு இருந்ததும் எனக்குக் கல்யாணத்துக்கு முன்பே தெரியும். பெரியவர்கள் பேசியது, எங்க ரெண்டு பேருக்கும் அந்த மாதிரி ஒண்ணும் இல்லை என்று அவர் சொல்லியிருந்தார். அன்று உறவினர்கள் சிலருக்கு மத்தியானச் சாப்பாடு. எனக்குப் புடவை கட்டிவிட அத்தை அவளை அனுப்பினார்.

அவள் என் முன்னால் மண்டிபோட்டுக் கொசுவம் மடித்தாள். வேகமான, பழகிய விரல்கள். இடது மணிக்கட்டில் பிறை மாதிரித் தழும்பு.

நான் பார்ப்பதை அவள் பார்த்தாள். "லைன்ல சால்டரிங் கம்பி சுட்டதுதான்க்கா," என்றாள். "ஸ்டூடியோக்காரன் அழிக்கிறேன்னான். மறந்துட்டான் போல."

"தாலி யாரு கட்டுனா?"

"அத்தைதான். போட்டோவுக்கு வெறுங்கழுத்தா நின்னா நல்லா இருக்காதுன்னாங்க." கொசுவத்தை என் இடுப்பில் செருகினாள். "ரவிக்கை உங்களுக்குப் புடிக்குதா? நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே அளவுன்னு போட்டோவப் பாத்தே அத்தை சொல்லிட்டாங்க."

சாப்பாடு முடிந்து எல்லோரும் போன பிறகு, "என் ரூமுக்கு வரீங்களாக்கா? வடக்குப்பட்டுதான். ஷேர் ஆட்டோவுல போயிட்டு இருட்டறதுக்குள்ள வந்துடலாம்," என்றாள். என்னோடு ஏதோ பேச நினைக்கிறாள் என்று கிளம்பினேன்.

ஷேர் ஆட்டோவில் ஷிப்டு முடிந்த பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். வடக்குப்பட்டு வரும் முன்னால் அவள் சுடிதாருக்குள் கைவிட்டு எதையோ எடுத்து வெளியே போட்டுக்கொண்டாள். புதுக்கயிறு. பளிச்சென்ற மஞ்சள். கவரிங் தாலி. நான் கேட்குமுன், ஆட்டோ சத்தத்தில் என் காதருகே குனிந்து, "அங்க என்னைப் பத்தி யாரு இன்னா சொன்னாலும் ஆமான்னு சொல்லுங்கக்கா. வந்து சொல்றேன்," என்றாள்.

மாடிப்படிக்குக் கீழே வீட்டுக்கார அம்மா நின்றிருந்தார். அறுபது வயது இருக்கும்.

"அண்ணி வந்திருக்காங்க ஆன்ட்டி," என்றாள் அவள். அதுவரை அக்கா என்று கூப்பிட்டவள்.

"வாம்மா, வா. நீதான் நாத்தனாரா?" அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "உன் தம்பிக்குக் கைவெடிப்பு போச்சா? குளுர்ல கெடங்குல வேல செஞ்சுட்டு, தேங்காண்ணையத் தடவிகினு தூங்குதாமே. இவ சொல்லச் சொல்ல எனக்கு வயிறு கலங்கும்."

அந்தக் கையில் எண்ணெய் தடவிவிடுகிறவள் நான். அதை அத்தைக்குப் போனில் சொன்னவளும் நான். அத்தையிடமிருந்து அது இவளுக்குப் போய், இவளிடமிருந்து இந்த அம்மாவுக்கு வந்திருக்கிறது.

"பரவால்லைங்க, இப்பக் கொஞ்சம் ஆறியிருக்கு," என்றேன்.

"எப்ப வருது?"

"விசா வரணும்."

"அதத்தான் இவளும் சொல்றா. பாவம், கட்டிகினு பத்து நாள் கூட சேந்து இருக்கலியாமே. இந்தக் காலத்துல இப்படி ஒரு பொண்ணு கெடைக்காதும்மா. உன் தம்பிகிட்ட சொல்லு."

சொல்கிறேன் என்றேன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினேன்.

அறை சின்னது, சுத்தமாக இருந்தது. சுவரில் அதே போட்டோ. அதே அரக்குப் புடவை, அதே மாலை, அதே கைகள். முகம் மட்டும் அவளுடையது. ஒட்டாத, அசல் முகம். லேசாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பாஸ்போர்ட் முகத்தோடு என் கணவர். அந்தப் படத்தில்தான் எல்லாம் பொருந்தியிருந்தது. யாராவது இரண்டையும் வைத்து எது பொய் என்று கேட்டால், அத்தை வீட்டுக் கூடத்தில் இருப்பதைத்தான் காட்டுவார்கள்.

அவள் தண்ணீர் கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

"கோச்சுக்காதீங்கக்கா. மாமா மேல எனக்கு ஒண்ணும் இல்ல. சத்தியமா இல்ல. போட்டோ எடுத்துட்டு, மறுநாள் கழட்டிக் குடுத்துடலாம்னுதான் இருந்தேன். ஷிப்டுக்கு நேரமாச்சுன்னு அப்டியே போயிட்டேன். கம்பெனி கேட்டுல மெட்டல் டிடெக்டர் கத்துச்சு. செக் பண்ற அக்கா கைய வெச்சுப் பாத்துட்டு, தாலியா, போன்னாங்க. அவ்ளோதான். அன்னைலருந்து என்கிட்ட எல்லாருமே வேற மாதிரி பேசினாங்க. பின்னாடியே வந்துகினு இருந்த ஒருத்தன் நின்னுட்டான். ஹாஸ்டல விட்டுட்டு ரூம் கேட்டேன், புருசன் வெளிநாடுன்னதும் குடுத்துட்டாங்க. நீங்க வரீங்கன்னதும் அந்தக் கயிற அத்தை வாங்கிகினாங்க, இது நானே வாங்கிப் போட்டுகினது. நான் தனியா இருக்கணும்னுதான்கா நெனச்சேன். வேற ஒண்ணும் இல்ல."

"அப்புறம்?"

"அப்புறம் ஆன்ட்டி தெனம் கேப்பாங்க. தம்பி போன் பண்ணுச்சா, இன்னா சொல்லுச்சுன்னு. அத்தை சொல்றத சொல்லிகினு இருந்தேன். பனி பெஞ்சா பனி பெஞ்சுதுன்னு சொல்வேன். காய்ச்சல்னா காய்ச்சல்னு." அவள் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். "ஒரு வாரம் நீங்க போன் எடுக்கலன்னு அத்தை சொன்னாங்க பாருங்க, அப்போ எனக்குச் சோறு எறங்கல. எனக்கே பயமாயிடுச்சு. எனக்கு எதுக்கு எறங்கல?"

எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. வர வேண்டும் என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தேன், வரவில்லை. அந்த ஒரு வாரம் எங்களுக்குள் சண்டை. நான் அவரோடு பேசாமல், அத்தையின் போனையும் எடுக்காமல் இருந்த வாரம் அது. அப்போது இங்கே ஒருத்தி அவருக்காகச் சாப்பிடாமல் இருந்திருக்கிறாள்.

திரும்பி வரும்போது பஸ் நிறுத்தத்தில் கேட்டேன். "அத்தை வீட்டுப் போட்டோவ ஊர்ல எல்லாரும் நம்புறாங்களா?"

"யாரு நம்புறது? அந்தத் தழும்பு என்னோடதுதானேன்னு எதிர்வீட்டு அம்மா அன்னைக்கே கேட்டாங்க. ஊருக்கே தெரியும்க்கா. ஊருக்குத் தெரியும்னு அத்தைக்குத்தான் தெரியாது."

"அப்போ அந்த மழை, ஆரத்தி?"

"அத்தை அழக்கூடாதுன்னு ஊர்ல சொல்ல ஆரம்பிச்சது. இப்ப சொல்றவங்களுக்கே எது நெசம்னு கொழப்பமா இருக்கும்."

கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. எல்லா ஜன்னலிலும் களைத்த முகங்கள்.

அடுத்த வாரம் நான் இங்கிலாந்துக்குத் திரும்பினேன். கணவரிடம் போட்டோவில் இருப்பது யார் என்பதைச் சொன்னேன். வடக்குப்பட்டு அறையைப் பற்றிச் சொல்லவில்லை. அது அவளுடைய விஷயம் என்று எனக்குத் தோன்றியது. அவருக்கு விசா வந்தது. கிடங்கை விட்டு அவருடைய படிப்புக்கேற்ற வேலைக்குப் போனார். நான் அத்தையோடு போனில் பேசும்போது மட்டும் வார்த்தைகளைக் கவனித்துப் பேச ஆரம்பித்தேன். கணவருக்கு உடம்பு சரியில்லை என்றால் சொல்வதில்லை. இன்னோர் இடத்தில் ஒருவர் கலங்குவார் என்று தெரிந்த பிறகு எப்படிச் சொல்வது?

சில மாதம் கழித்து ஒரு மத்தியானம், தெரியாத இந்திய எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. எடுத்ததும் அழுகைச் சத்தம்தான் கேட்டது. யார் என்று புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. வடக்குப்பட்டு வீட்டுக்கார அம்மா.

"உன் நம்பர இவகிட்ட கேட்டு வாங்கினேம்மா. தம்பி போயிடுச்சாமே. ஆக்சிடென்ட்டாமே. எப்படிம்மா தாங்கிகினு கீற?"

என் கணவர் அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். கத்தி பலகையில் படும் சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. நான் பேசவில்லை. துக்கத்தில் பேச முடியவில்லை என்று அந்த அம்மா நினைத்துக்கொண்டார்.

"இங்க தெருவுல எல்லாரும் வந்துட்டாங்க. அவ ரூம்ல கீற போட்டோவுக்கு வெளக்கு ஏத்தி வெச்சிருக்கோம். உடம்ப எப்ப கொண்டாருவாங்க?"

"அங்கேயே..." என்றேன். "அங்கேயே முடிச்சுட்டோம்."

நான்தான் சொன்னேன். என் வாயால் சொன்னேன். போனை வைத்தேன். அடுப்படிக்குப் போய் அவர் முதுகில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றேன். சட்டைக்குள் சூடு தெரிந்தது. வெங்காயத்தால் அவருக்குக் கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது.

"யாரு போன்ல?"

"ராங் நம்பர்."

அன்று சாயங்காலமே அவளைக் கூப்பிட்டேன். ஏன் இப்படிச் செய்தாய் என்று நான் கேட்கும் முன் அவளே சொன்னாள். வீட்டில் அவளுக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள். டயர் கம்பெனியில் வேலை. அவளுக்கும் பிடித்திருந்தது. ரூமைக் காலி செய்ய வேண்டும்.

"சும்மா காலி பண்ணிட்டுப் போயிருக்கலாமே."

"போலாம்க்கா. ஆனா அந்த அம்மா, வரும் வரும்னு பாத்துகினே இருப்பாங்க. யாராவது வந்தா தம்பியான்னு எட்டிப் பாப்பாங்க. அப்டி வுட்டுட்டுப் போக மனசு வரல." பிறகு தொடர்ந்தாள். "கயிற அந்த அம்மாதான் கழட்டுனாங்க. நான் நடிக்கலாம்னுதான் உக்காந்தேன். அழுதுட்டேன்க்கா. நெசமாவே அழுதேன். மாமா நல்லா கீறாரு இல்ல?"

"நல்லா இருக்கார்."

"ஒரு தபா பாத்துட்டுச் சொல்லுங்க."

எட்டிப் பார்த்தேன். சோபாவில் படுத்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லா இருக்கார்," என்று மறுபடி சொன்னேன்.

அவள் கல்யாணத்துக்கு நாங்கள் இருவரும் சேர்ந்து போனோம். கல்யாணமாகி அவர் ஊருக்கு வந்தது அதுதான் முதல் தடவை. ஊர்க் கணக்கில் மட்டும் அது இரண்டாம் தடவை. காஞ்சிபுரத்தில் மண்டபம். முறைமாமன் என்ற உரிமையில் அவர்தான் மாப்பிள்ளையை அழைத்துவந்தார். மேடையில் அவள் கழுத்தில் தாலி ஏறியபோது நான் அவள் முகத்தைப் பார்த்தேன். சாதாரணமாக, சந்தோஷமாக இருந்தாள். அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில், ஊரைச் சுற்றிக் காட்டுகிறேன் என்று சொல்லி என் கணவர் கார் ஓட்ட, கிளம்பினோம். தான் வேலை பார்த்த கம்பெனி, பசங்களோடு வந்து குளித்த ஏரி என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு வந்தவர், வடக்குப்பட்டுத் திருப்பத்தில் ஒரு டீக்கடையைப் பார்த்ததும் வேகத்தைக் குறைத்தார்.

"இங்க வேணாம். போங்க," என்றேன்.

"ஏன்? நல்லா இருக்கும். வேலைக்குப் போறப்ப தெனம் இங்கதான்."

"வேற கடை பாக்கலாம்."

அவர் சிரித்தபடி ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கினார். ஷிப்டு மாறுகிற நேரம். சீருடைக் கூட்டத்துக்கு நடுவே, கையில் கிளாஸோடு, வெயிலில் நின்று நிதானமாக டீ குடித்தார். நான் காருக்குள் உட்கார்ந்து, அந்தப் பக்கம் போகிற ஒவ்வொரு வயதான பெண்ணின் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தேன். பால் வாங்கிக்கொண்டு வந்த வயதான பெண் ஒருவர் நின்று என் கணவரையே கொஞ்ச நேரம் பார்த்தார். அந்த வீட்டுக்கார அம்மாதானா என்று தூரத்தில் எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. பிறகு புடவைத் தலைப்பை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, வந்த வழியே வேகமாகத் திரும்பிப் போனார். என் கணவர் கிளாஸை வைத்துவிட்டு வந்து வண்டியை எடுத்தார்.